குகை வாசலில் பிறந்த புத்தகம்

மாவடிப்பள்ளிப் பாலத்தில் விடியற்காலையில் நின்று மேற்கே பார்த்தால் வயல்தான் தெரியும். வயலுக்கு அப்பால் வயல், அதற்கும் அப்பால் சம்மாந்துறைப் பக்கத்துத் தென்னைகள். மாரி ஓய்ந்து வானம் கழுவிவிட்டதுபோல் கிடக்கும் தை மாதத்து நாலைந்து காலைகளில் மட்டும், அந்தத் தென்னைகளுக்கு மேலே மங்கலான நீலத்தில் மலை எழும்பி நிற்கும். வெயில் ஏறினால் மறைந்துவிடும். சிறு வயதில் மூத்தவாப்பாவோடு வட்டைக்குப் போகும்போது, அங்கே யார் இருக்கிறார்கள் என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். "வேடனுகள் மனே. நம்மட வீட்டுத் தேன் அங்கருந்துதான் வாறது" என்றார். அதற்குமேல் அவர் எதுவும் சொன்னதில்லை.

அந்த மலைக்காட்டு மனிதர்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவந்தது, மூத்தவாப்பா மௌத்தாகி வெகுகாலத்துக்குப் பிறகு. 'த வெடாஸ்' என்பது அதன் பெயர். 1911இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. முகப்பில் இரண்டு பெயர்கள்: சி. ஜி. செலிக்மன், அவருடைய மனைவி பிரெண்டா செலிக்மன். இலங்கை வேடரைப் பற்றி எழுத உட்காரும் எவரும் இன்றைக்கும் முதலில் புரட்டுவது இந்த நூலைத்தான். மறுக்க நினைப்பவர்களும் இதைப் படித்துவிட்டுத்தான் மறுக்கிறார்கள்.

அது பிறந்த கதையை நம்முடைய ஊர்க்காரர் ஒருவர் சொல்லவேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. காரணம் உண்டு. அந்தப் புத்தகம் கருக்கொண்ட இடங்களில் முக்கியமானது நம் ஆற்றின் தலைமாடு. நாம் பட்டிப்பளை ஆறு என்றும் சிங்களத்தில் கல்லோயா என்றும் சொல்கிறோமே, அந்த ஆறு மலையிலிருந்து இறங்கும் காடு அது. இன்று மாவடிப்பள்ளி வட்டைகளுக்குப் பாயும் தண்ணீர் அந்தக் காட்டைத் தொட்டுத்தான் வருகிறது.

புத்தகத்துக்கு ஒரு மூதாதை உண்டு. அதன் கதையும் கிழக்குக் கரையில்தான் தொடங்குகிறது. 1660 ஏப்ரல் மாதம். புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் கொட்டியாரக் குடாவுக்குள் வந்து நின்றது. மூதூரில் கரையிறங்கிய கப்பற்தலைவரையும், அவருடைய மகன் ரொபர்ட் நொக்ஸையும், கூட வந்தவர்களையும் கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். மகனுக்கு அப்போது 19 வயது. தகப்பன் அடுத்த ஆண்டே மலைநாட்டில் இறந்துபோனார். மகன் மேலும் 18 ஆண்டுகளுக்கு மேலாக அங்கேயே கிடந்தான். விலங்கு பூட்டவில்லை, நாட்டைவிட்டுப் போகத்தான் விடவில்லை. தொப்பி பின்னி விற்றான், நெல்லைக் கடனுக்குக் கொடுத்து வட்டி வாங்கினான், தலையில் மூட்டையோடு ஊர் ஊராகச் சில்லறை வியாபாரம் செய்தான். அந்த வியாபாரம்தான் அவனுக்கு வழிகளைக் கற்றுக்கொடுத்தது. 1679 செப்டம்பரில் ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழனோடு வடக்கே இறங்கினான். அனுராதபுரம் கடந்து, மல்வத்து ஓயா என்கிற நம் அருவியாற்றின் கரையைப் பிடித்தபடி, யானையும் கரடியும் உலவிய வன்னிக் காட்டினூடாக நடந்து, அக்டோபர் 18ஆம் தேதி மன்னாருக்குத் தெற்கே அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்கு வந்து சேர்ந்தான்.

ஊர் திரும்பும் கப்பலிலேயே எழுதத் தொடங்கினான். 1681இல் லண்டனில் அந்தப் புத்தகம் வெளிவந்தது. ரோயல் சொசைட்டியைச் சேர்ந்த விஞ்ஞானி ரொபர்ட் ஹூக் முன்னுரை எழுதினார். வேடரைப் பற்றி அதில் உள்ளவை சில பக்கங்கள்தான். ஆனால் அவற்றில் ஒரு செய்தியை நான் மறக்கவே மாட்டேன். வேடருக்கு அம்பு முனை தேவைப்பட்டால், இரவில் இறைச்சியைக் கொண்டுவந்து கொல்லன் பட்டறையில் தொங்கவிடுவார்களாம். கூடவே ஓர் இலை. தங்களுக்கு எந்த வடிவத்தில் முனை வேண்டுமோ அந்த வடிவத்தில் வெட்டிய இலை. கொல்லன் அப்படியே அடித்து வைத்தால் மேலும் இறைச்சி வரும். வைக்காவிட்டால் இன்னோர் இரவில் அம்பு வரும்.

அந்த இலையை நினைத்துப் பாருங்கள். முகம் காட்டாமல், குரல் காட்டாமல் ஒரு மனிதன் எழுதிய கடிதம் அது. கொல்லன் அதைப் படித்தான், புரிந்துகொண்டான். காட்டுக்கும் ஊருக்கும் நடுவில் சுவர் இருந்தது என்று பின்னால் வந்தவர்கள் எழுதினார்கள். அந்த இலை போய் வந்த இடத்தில் சுவர் இல்லை, வாசல் இருந்திருக்கிறது. நம் கரையோரத்து முஸ்லிம் வியாபாரிகளின் தவள மாடுகள் உப்பும் கருவாடும் சீலையும் ஏற்றிக்கொண்டு மேலே போய், பாக்கும் மெழுகும் தேனும் ஏற்றிக்கொண்டு இறங்கியதும் அந்த வாசல் வழியேதான். மூத்தவாப்பாவின் ஒற்றை வரித் தேன் கணக்குக்குப் பின்னால் அவ்வளவு பழைய பாதை ஒன்று கிடக்கிறது.

நொக்ஸுக்கும் செலிக்மனுக்கும் இடையில் பலர் வந்தார்கள். 1880களில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பாவுல் சரசினும் பிரிட்ஸ் சரசினும் வேடரைப் படமெடுத்தார்கள், தலையை அளந்தார்கள், எலும்புக்கூடுகளையும் கொண்டுபோனார்கள். மனிதன் குரங்கிலிருந்து எத்தனை படி தள்ளி நிற்கிறான் என்று ஐரோப்பா கேட்டுக்கொண்டிருந்த காலம். அதற்குப் பதிலாக வேடரின் மண்டையோடு கப்பலேறியது. உன் தாயின் பெயர் என்ன, செத்தவர்கள் உன்னிடம் என்ன கேட்கிறார்கள் என்று எவரும் உட்கார்ந்து கேட்கவில்லை.

அதைக் கேட்டவர்கள்தான் செலிக்மன் தம்பதியர். சார்ள்ஸ் செலிக்மன் படித்தது வைத்தியம். 1898இல் கேம்பிரிட்ஜிலிருந்து டொரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன ஆராய்ச்சிக் குழுவில் அவரும் ஒருவர். அதே குழுவில் போன ரிவர்ஸ் என்பவர் அங்கே ஒரு வழியைக் கண்டுபிடித்தார். ஒரு சமூகத்தைப் புரிந்துகொள்ளத் தலையை அளக்க வேண்டாம், ஒவ்வொருவரிடமும் உன் தாய் யார், தாயின் தாய் யார், யார் யாரைக் கட்டினார்கள் என்று கேட்டு வம்சாவளியை எழுது, சமூகம் தானே எழும்பி நிற்கும். அதே ரிவர்ஸ்தான் பிறகு நீலகிரிக்குப் போய்த் தோடர்களைப் பற்றி எழுதி 1906இல் வெளியிட்டார். செலிக்மன் 1905இல் பிரெண்டாவை மணம் முடித்தார். வேடரைப் பற்றி ஆராய இலங்கை அரசாங்கம் அழைத்தபோது இருவருமாகப் புறப்பட்டு வந்தார்கள். 1907இன் கடைசியும் 1908இன் முற்பகுதியும் அவர்கள் நம் காடுகளில் கழித்த காலம்.

முதல் அனுபவம் நன்றாக இல்லை. பிபிலையில், தனிகல மலையிலிருந்து வந்த வேடர்கள் அவர்களைச் சந்தித்தார்கள். வெள்ளைக்காரப் பயணிகள் வந்தால் இவர்களை அழைத்துவருவது அப்போதே வழக்கமாகிவிட்டிருந்தது. தோளில் கோடரி, கையில் வில், முகத்தில் உர்ரென்ற பார்வை. எப்படி நின்றால் பயணிக்குப் பிடிக்கும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். செலிக்மனுக்கு அது கசந்தது. காட்டு மனிதனாக இருப்பதையே இவர்கள் தொழிலாக்கிவிட்டார்கள் என்ற கருத்தில் எழுதிவைத்தார். அவர் கண்டது உண்மைதான். ஆனால் அந்தக் கசப்பில் எனக்கு உடன்பாடு இல்லை. காட்டைச் சேனைக்காரரும் வேட்டைத் துப்பாக்கியும் தின்றுகொண்டிருந்த காலத்தில், தன் வில்லை ஒரு தரம் வளைத்துக் காட்டிச் சீலையும் சில்லறையும் வாங்கிக்கொண்டு போன மனிதனிடம் குறைகாண என்ன இருக்கிறது? அவனும் பிள்ளைகுட்டிக்காரன்.

செலிக்மன் தம்பதியர் அங்கிருந்து காட்டுக்குள் போனார்கள். ஹெனேபெத்தை வேடர்கள் வாழ்ந்த பெந்தியாகல்கே குகைகள், சித்தல வன்னியவில் ஹந்துனா என்ற முதியவரின் கூட்டம். இந்த இடங்களில்தான் புத்தகம் உண்மையாகப் பிறந்தது. அதைப் பிறப்பித்ததில் பாதிக்கு மேல் பிரெண்டாவின் பங்கு என்று நான் நினைக்கிறேன்.

வேடர் தங்கள் பெண்களை அந்நிய ஆண்கள் கண்ணில் காட்டமாட்டார்கள் என்பது முன்னே போனவர்கள் பலரும் எழுதிய செய்தி. குகைக்கு வெளியே நின்றவர்களுக்குக் கிடைத்தது வில்லும் அம்பும் ஆணும்தான். இப்போது ஒரு பெண் வந்திருக்கிறாள். அவள் பெண்களோடும் குழந்தைகளோடும் இருந்து பழக முடிந்தது. அதனால்தான் இந்தப் புத்தகத்தில் குழந்தையைத் தூங்கவைக்கும் பாட்டு இருக்கிறது. குகைச் சுவரில் பெண்கள் வரைந்த படங்கள் இருக்கின்றன. வேட்டைக்குப் போன ஆண்கள் திரும்பும்வரை காத்திருக்கும் பெண்கள், அடுப்புச் சாம்பலை எச்சிலில் குழைத்து, விரலால் பாறையில் ஆளையும் விலங்கையும் தீட்டியிருக்கிறார்கள். புருஷன் வரும்வரை பொழுதுபோக்க வரைந்தது. அந்தச் சாம்பல் கோடுகள் சரசின்களின் அளவுகோலுக்குள் அகப்படவில்லை.

கல்யாணத்தைப் பற்றிய பகுதியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். வேடப் பெண் தன் கையாலேயே நார் திரித்துக் கயிறு செய்வாள். அந்தக் கயிற்றை மாப்பிள்ளையின் இடுப்பில் கட்டுவாள். கல்யாணம் அவ்வளவுதான். கட்டுவது அவள், கட்டுப்படுவது அவன். அந்தக் கயிற்றை அவன் இடுப்பில் அணிந்தபடியே இருப்பான். இழைந்து நைந்தால் அவளே இன்னொன்று திரித்துக் கட்டுவாள்.

இன்னொன்றும் உண்டு. வேடருக்கு 'வருகே' என்ற குலப்பிரிவுகள் உண்டு. மொரானே, உனபானே, நமதேவ, ஊரு என்று பெயர்கள். பிள்ளைக்கு வருகே எங்கிருந்து வருகிறது? தாயிடமிருந்து. ஒரே வருகேக்குள் கட்டக்கூடாது. கட்டுவதற்கு ஏற்ற பெண், மாமன் மகள் அல்லது மாமி மகள். கல்யாணம் முடித்தவன் மாமனாரின் கூட்டத்தோடு சேர்ந்து வாழ்வான், மாமனாரோடுதான் வேட்டைக்குப் போவான்.

இதைக் கல்முனையிலோ சம்மாந்துறையிலோ அக்கரைப்பற்றிலோ பிறந்த எவரும் ஒரு புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. நம்முடைய குடியும் தாய்வழிதான். வாப்பாவின் குடி வேறு, உம்மாவின் குடி வேறு, பிள்ளை உம்மாவின் குடி. அதே குடிக்குள் சம்பந்தம் பேசமாட்டார்கள். மச்சான் மச்சி உறவில் கட்டுவார்கள். மகளுக்கு வீடு கொடுப்பார்கள், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவான். பக்கத்து ஊர்த் தமிழரிடமும் இதே ஒழுங்கு. இஸ்லாம் தந்த வழக்கமல்ல இது, இந்த மண்ணின் வழக்கம். யாரிடமிருந்து யார் எடுத்தார்கள் என்று நான் சொல்லப்போவதில்லை, அதைச் சொல்லும் அறிவு எனக்கில்லை. ஆனால் செலிக்மன் தம்பதியர் குகை வாசலில் உட்கார்ந்து வம்சாவளி எழுதியபோது அவர்கள் அபூர்வமென்று குறித்துக்கொண்டது, நாற்பது ஐம்பது மைல் கிழக்கே ஒவ்வொரு வளவிலும் சாதாரணமாக நடந்துகொண்டிருந்தது.

புத்தகத்தின் இதயம் என்று நான் கருதுவது இறந்தவர்களைப் பற்றிய பகுதி. ஒருவர் இறந்தால் குகையிலேயே கிடத்தி, இலைதழை போட்டு மூடி, நெஞ்சின்மேல் ஒரு கல்லை வைத்துவிட்டு, அந்தக் குகையைவிட்டுப் போய்விடுவார்கள். விட்டுப்போனாலும் உறவு விடாது. இறந்தவர் 'நே யக்கா' ஆவார். நே என்றால் உறவு, யக்கா என்றால் ஆவி. அவருக்குச் சோறும் தேங்காய்ப்பாலும் படைப்பார்கள், ஆடும் ஒருவர்மேல் அவர் இறங்கிப் பேசுவார், பின்பு எல்லோருமாக அந்தப் படையலைப் பகிர்ந்து உண்பார்கள். இறந்தவரோடு சேர்ந்து உண்ணும் ஒரு வேளை உணவு.

கிரிகொரஹா என்ற சடங்கை செலிக்மன் தம்பதியர் கண்ணால் கண்டு எழுதியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் பெரிய வேட்டைக்காரனாக வாழ்ந்து மறைந்த கந்தே யக்காவுக்கும், சிறு வயதில் இறந்த அவன் தம்பி பிலிந்தி யக்காவுக்கும் செய்வது. நடுவில் ஒரு பாத்திரத்தில் தேங்காய்ப்பால். ஆடுபவர் கையில் நீண்ட இரும்பு அலகுள்ள சடங்கு அம்பு. பாத்திரத்தைச் சுற்றிச் சுற்றி ஆடுகிறார், உடல் நடுங்குகிறது, குரல் மாறுகிறது. பாலைக் கையில் அள்ளி விரலிடுக்கில் ஒழுகவிட்டுக் கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்கிறார். நல்ல பால் என்றால் யக்காவுக்கு மகிழ்ச்சி. பிறகு குனிந்து, தரையில் மான் தடம் தேடுகிறவராக மெல்ல மெல்ல நகர்கிறார். கந்தே யக்கா உயிரோடிருந்தபோது வேட்டையாடிய விதம் அது. வேட்டை கிடைக்கும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு யக்கா இறங்கிப்போகிறார்.

நம் மார்க்கத்துக்கு இது அந்நியம். ஆனாலும் அந்தப் பாத்திரத்துத் தேங்காய்ப்பாலில் என் கண் நின்றுவிடுகிறது. அடர்காட்டில் தென்னை தானாக முளைப்பதில்லை. அந்தத் தேங்காய் எங்கோ ஓர் ஊரிலிருந்து, யாரோ ஒருவர் தோளில் காட்டுக்குள் ஏறியிருக்கவேண்டும். காட்டின் மிக அந்தரங்கமான வழிபாட்டுக்கே ஊர்த் தேங்காய் வேண்டியிருந்திருக்கிறது.

செலிக்மன் ஒரு போனோகிராப்பும் கொண்டுபோயிருந்தார். ஊதுகுழல் வாய்க்கு முன்னால் பாடினால் சுழலும் மெழுகு உருளையில் ஊசி குரலைக் கீறிவைக்கும். அந்த உருளைகளை டொரஸ் நீரிணைக்குத் தம்மோடு வந்திருந்த நண்பர் சார்ள்ஸ் மயர்ஸிடம் கொடுத்தார். மயர்ஸ் அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டு, சுரம் எழுதி, புத்தகத்தில் இசைக்கென்று ஓர் அத்தியாயமே எழுதினார். சில பாடல்களில் இரண்டே சுரங்கள், சிலவற்றில் மூன்று. உலகின் மிக எளிய இசைகளுள் ஒன்றாக அது பேசப்பட்டது. இரண்டு சுரத்துக்குள் ஒரு தாய் தன் பிள்ளையைத் தூங்கவைக்க முடிந்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

கரையோர வேடரைப் பற்றியும் ஓர் அத்தியாயம் உண்டு. மட்டக்களப்புக்கு வடக்கே கடலோரம் வாழ்ந்து, மீன் பிடித்து, தமிழ் பேசியவர்கள். இன்றைக்கும் வாகரைப் பக்கத்திலும் மூதூர்ப் பக்கத்திலும் அவர்கள் வழிவந்தோர் இருக்கிறார்கள். கடல் கடந்து வந்த கப்பற்காரரின் ஆவிகளாகக் கருதப்பட்ட கப்பல்பேய்களுக்கு அவர்கள் படையல் வைத்ததை செலிக்மன் தம்பதியர் குறித்திருக்கிறார்கள். ஆனால் இந்தப் பகுதியில் அவர்களுக்கு அவ்வளவு மனம் ஒட்டவில்லை என்று படிப்பவருக்குத் தெரிகிறது. தமிழ் பேசும், வலை வீசும் வேடர் அவர்களுடைய கணக்குக்குக் கலப்படம். அவர்கள் தேடி வந்தது கலப்பில்லாத வேடரை.

புத்தகத்தின் குறை அங்கேதான் இருக்கிறது. அழிந்துகொண்டிருக்கும் இனத்தை அழியுமுன் எழுதிவைக்கவேண்டும் என்ற அவசரத்தில் எழுதிய நூல் அது. அதனால் குகையில் இருப்பவரே வேடர், சேனை செய்பவர் பாதி வேடர், ஊரில் இருப்பவர் வேடரே அல்ல என்று ஒரு கோடு விழுந்தது. கணநாத் ஒபயசேகர 2022இல் வெளியிட்ட தம் நூலில் இந்தக் கோட்டைத்தான் அழிக்க முயன்றார். கண்டி இராச்சியத்தில் வேடர் பரந்து வாழ்ந்தவர்கள், அரசனுக்குச் சேவகம் செய்தவர்கள், வயலும் பட்டமும் வைத்திருந்தவர்கள், குகை வேட்டைக்காரன் என்ற ஒற்றை உருவம் பின்னால் உண்டாக்கப்பட்டது என்பது அவர் வாதம்.

குடிசனக் கணக்கைப் பார்த்தாலும் இது விளங்கும். 1881இல் வேடர் 2,228 பேர். 1891இல் 1,229. 1911இல், அதாவது புத்தகம் வந்த அதே ஆண்டில், 5,332. இருபது ஆண்டுகளில் நான்கு மடங்கு பிள்ளைகள் பிறந்துவிடவில்லை. 1963இல் வெறும் 400. அத்தனை பேரும் மடிந்துவிடவும் இல்லை. யாரை வேடர் என்று எழுதுவது என்பது கணக்கெடுப்பவர் கையில் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளையை, சிங்களப் பெயரோ தமிழ்ப் பெயரோ வைத்துக்கொண்டவரை அந்தப் பத்தியில் எழுதவில்லை.

1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. இங்கினியாகலையில் மொரிசன் நுட்சன் என்ற அமெரிக்க நிறுவனம் அணை கட்டியது. அணைக்குப் பின்னால் சேனாநாயக்க சமுத்திரம் நிறைந்தது. 1954இல் சுற்றிலும் உள்ள காடு தேசியப் பூங்கா ஆனது. வேடர் மான் தடம் பார்த்து நடந்த பள்ளங்களில் தண்ணீர் நின்றது, தண்ணீர் ஏறாத மேடுகளில் வேட்டை குற்றமாயிற்று. கொழும்பு வைத்தியர் ஆர். எல். ஸ்பிட்டல், வாழ்நாள் முழுக்க வேடரைத் தேடி இந்தக் காடுகளில் நடந்தவர், 1950இல் எழுதிய புத்தகத்துக்கு 'மறைந்துபோன தடங்கள்' என்ற பொருளில் பெயர் வைத்தார்.

அந்தத் தண்ணீரில்தான் எங்கள் வட்டைகள் இரண்டு போகம் விளைந்தன. மூத்தவாப்பா கந்தூரிக்கு அளந்த நெல்லும், என்னைப் படிக்கவைத்த நெல்லும் அது விளைத்தது. வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்றால் ஊரே சந்தோஷப்படும். அந்தச் சந்தோஷத்துக்கு மலைப் பக்கத்தில் ஒரு விலை கொடுக்கப்பட்டது என்பதை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. 1911இல் அச்சான அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்த பிறகுதான், இழந்தது என்னவென்று பேர் சொல்லி எனக்குத் தெரிந்தது.

செலிக்மன் பிறகு லண்டனில் பேராசிரியரானார். புகழ்பெற்ற மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1922இல் தம் முதல் பெரும் நூலை அவருக்குக் காணிக்கையாக்கினார். பிரெண்டா அவரோடு சூடானுக்கும் போனார், 1932இல் இருவர் பெயரிலும் இன்னொரு பெரிய நூல் வந்தது.

வேடரும் போய்விடவில்லை. தம்பானையில் இருக்கிறார்கள், நம் அம்பாறை மாவட்டத்துப் பொல்லேபெத்தையில் இருக்கிறார்கள், வாகரையில் தமிழ் பேசிக்கொண்டு இருக்கிறார்கள். கல்லோயாப் பூங்காவின் ஓரத்தில், மொனராகலை மாவட்டத்து ரத்துகலவிலும் இருக்கிறார்கள். அந்த ஊர்த் தலைமைக் குடும்பத்தாருடைய பெயர்கள் 'தனிகல மஹா பண்டாரலாகே' என்று தொடங்குகின்றன. பிபிலையில் வில்லும் கோடரியுமாக நின்றவர்களைக் கசப்போடு எழுதிவிட்டு, இவர்களைவிட நல்ல வேடரைத் தேடி செலிக்மன் காட்டுக்குள் போனாரே, அந்தத் தனிகல.